வீட்டுக்கு வந்த ஓட்டுப் பெட்டி

எங்கள் ஊரில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது கடைசியில் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, முதியோர் பென்ஷன் வாங்க, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்க, எல்லாவற்றுக்கும் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் என்னைத்தான் தேடி வருவார்கள். நானும் சளைக்காமல் எழுதிக் கொடுப்பேன். யாராவது தாங்களே நிரப்பிக்கொண்டு வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். இந்தத் தலைக்கனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன நாடாளுமன்றத் தேர்தலில் என் அப்பாவை ஓட்டுப் போட முடியாமல் செய்தவள் நான்தான்.

அப்பாவுக்கு ஓட்டு நாள் ஈஸ்டர் மாதிரி. ஈஸ்டருக்குப் போடும் அதே வெள்ளைச் சட்டையைத்தான் எடுப்பார். நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் காரிமங்கலம் சந்தைக்குப் போகும் ஜனங்களுக்கு நடுவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு பிரச்சார ஜீப்புகள் வரும். அவர்கள் வீசிவிட்டுப் போகும் நோட்டீசுகளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஒரு தேர்தலில் பொறுக்கிய காகிதம் அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் கணக்குப் போட வரும். சுவர் இருக்கிற வீடெல்லாம் ஏதோ ஒரு கட்சிக்குப் போய்விடும், எங்கள் வீடு தவிர. அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கரியால் தன் கையாலேயே பெரிதாக 'இங்கே எழுதாதீர்' என்று எழுதி வைப்பார். 'அதுவும் எழுத்துதானுங்களே' என்று அம்மா கேலி செய்வாள். அப்பாவுக்கு அதில் இருக்கும் வேடிக்கை கடைசிவரை புரியவில்லை.

ஓட்டு நாளன்று இருவரும் சேர்ந்தேதான் போவார்கள். கோயிலை அடுத்த பள்ளிக்கூடத்தில் பூத். அப்பா ஆண்கள் வரிசையில், அம்மா பெண்கள் வரிசையில். திரும்பி வரும் வழியில் அம்மா கேட்பாள், 'எதுல போட்டீங்க?' அப்பா சொல்வார், 'பொட்டியிலதான் போட்டேன்.' ஒவ்வொரு தேர்தலிலும் இதே கேள்வி, இதே பதில். கேட்டுவிட்டு அம்மாவே சிரித்துக்கொள்வாள். அம்மா சாகும்வரை அப்பா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் யாருக்குப் போட்டாள் என்று அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பதுகூட ஊருக்கே தெரியும், இது மட்டும் ரகசியம்.

இதில் இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் மாவு மில் வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அப்பாவைவிட நாலு வயது சின்னவர். வரிசையில் முதல் ஆளாக நிற்பது யார் என்று அவருக்கும் அப்பாவுக்கும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து போட்டி. பூத் ஏழு மணிக்குத் திறந்தால் இவர்கள் ஐந்தரைக்கே போய் நிற்பார்கள். தோற்றவர் ஜெயித்தவருக்கு டீ வாங்கித் தர வேண்டும். யார் எத்தனை முறை ஜெயித்தார்கள் என்பதில் இரண்டு பேரும் சொல்வது ஒத்துப்போகாது.

அந்த வருஷம் தவக்காலத்தில் தேர்தல் சூடு பிடித்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அப்பா மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து முட்டியில் அடிபட்டு, கைத்தடி ஊன்றி நடந்துகொண்டிருந்தார். வயது எண்பத்தாறு. வெயில் மார்ச் மாதமே மண்டையைப் பிளந்தது. ஒருநாள் அங்கன்வாடி டீச்சர் ஒரு படிவத்தோடு வந்தார். வாக்காளர் பட்டியல் வேலையை எங்கள் ஊரில் அவர்தான் பார்க்கிறார்.

"எம்பத்தஞ்சுக்கு மேல இருக்கறவங்க வூட்லயே ஓட்டு போட்டுக்கலாங்க்கா. ஆபீசருங்க பொட்டி எடுத்துக்கிட்டு வூட்டுக்கே வருவாங்க. அப்பாவுக்கு எழுதித் தர்றீங்களா?"

கேட்பானேன்! அடுத்த நிமிடம் பேனா என் கையில். அப்பாவின் முட்டியை நினைத்துத்தான் எழுதினேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஊரிலேயே முதலில் இந்த வசதியை வாங்கியது நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையும் இருந்தது. அன்று அப்பாவின் பேங்க் காகிதங்கள் சிலவும் கையெழுத்துக்குக் காத்திருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக நீட்டினேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் கழித்து வேன் வந்தது. இரண்டு அதிகாரிகள், ஒரு போலீஸ், வீடியோ எடுக்க ஒருவர். நடு வீட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் அட்டையை மடித்து மறைப்பு வைத்தார்கள். தெருவே வாசலில் கூடிவிட்டது. நான் எல்லாருக்கும் மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருந்தது.

அப்பா மாடு கட்டிவிட்டு உள்ளே வந்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன கண்ணு இது?"

நான் விளக்கினேன், படிவத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை.

"சோறு திங்கற மேசையில எதுக்கு ஓட்டுப் போடணும்? நான் பள்ளிக்கோடத்துக்குப் போயே போட்டுக்கறேன். நீங்க மோர் குடிச்சிட்டுப் போங்க சார்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக மாந்தோப்புக்குப் போய்விட்டார். அதிகாரிகள் நல்ல மாதிரி. இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். அதே மாதிரி வந்தார்கள். அன்றும் அப்பா தோப்பில்தான். போகும்போது மூத்த அதிகாரி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "அம்மா, படிவம் குடுத்துட்டதால பட்டியல்ல அவர் பேருக்கு நேரா குறிச்சிருப்பாங்க. இனிமே பூத்துக்குப் போனாலும் போட முடியாதுங்க."

வேன் கிளம்பியதும் அங்கன்வாடி டீச்சரைப் போய்ப் பார்த்தேன். "ஒண்ணும் பண்ண முடியாதுங்க்கா" என்றார். எதிலும் ஒரு வழி கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் வாங்கிய எனக்கு, அன்றைக்கு ஒரு வழியும் தெரியவில்லை. ஓட்டு நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். வேறொன்றுமில்லை. பூத்தில் யாராவது மனசு வைப்பார்கள், பட்டியலில் குறிக்க மறந்திருப்பார்கள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். அப்பா தினமும் வெள்ளைச் சட்டையை எடுத்துப் பார்த்தார். பொத்தான் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். முந்தின நாள் அவரே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினார். பெங்களூரிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கி, தெரு கலகலவென்று இருந்தது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

ஓட்டு நாளன்று அப்பா விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். நானும் கூடவே போனேன். தடியை ஊன்றிக்கொண்டு, ஒரு இடத்திலும் உட்காராமல் நடந்தார். மில்காரருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். பின்னால் வந்து நின்ற மில்காரர், "ஈ தடவையும் டீ எனக்குத்தான் செலவு" என்று புலம்ப, அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஏழு மணிக்கு அப்பா முதல் ஆளாக உள்ளே போனார். பட்டியலில் விரலை ஓட்டிய அலுவலர் நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். "ஐயா, உங்களுக்கு வூட்ல போட எழுதிக் குடுத்திருக்கீங்க. இங்க போட முடியாதுங்களே."

"நான் எழுதிக் குடுக்கலையே" என்றார் அப்பா.

"உங்க கையெழுத்தோடதான் படிவம் வந்திருக்குது. யாராவது உங்களக் கேக்காம வாங்கிட்டாங்களா?"

கதவுக்கு வெளியே நின்ற என்னை அப்பா திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். அவருக்குப் புரிந்துவிட்டது. மறுபடி அலுவலர் பக்கம் திரும்பினார்.

"இல்லீங்க. நான்தான் போட்டேன். வயசாயிருச்சு, மறந்துட்டேன்."

என் அப்பா எதையும் மறக்கிற ஆள் இல்லை. வரிசை முழுக்கக் கேட்கும்படி அவர் அந்தப் பொய்யைச் சொன்னது எனக்காக. மில்காரர் ஏதோ சண்டைக்குப் போகப் பார்த்தார். அப்பா அவர் தோளைத் தட்டி, "நீ போப்பா, மொத ஓட்டு உன்னுது" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் போய்ப் போட்டேன். எந்திரம் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வெளியே வந்தபோது மில்காரர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று இரண்டு பேருமே டீ குடிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பாதி தூரம் வந்ததும் அப்பா கேட்டார்.

"இங்க போட முடியாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்கப்பா."

"நான் சட்டை தேய்ச்சப்பவும் தெரியுமா?"

நான் நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. அழுது முடிக்கிறவரை தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்புறம், "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கப்புறம் நான் எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தேன். களியா சோறா, ஜன்னலைச் சாத்தட்டுமா, மருந்து இப்போதா அப்புறமா, டிவி சத்தம் குறைக்கட்டுமா, கட்டிலை இந்தப் பக்கம் போடட்டுமா. அவருக்கு இப்போது எண்பத்தெட்டு. என் கேள்விகள் அவருக்கு அலுத்துப் போய்விட்டன. போன வாரம் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு, எது வேண்டும், பச்சையா நீலமா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

"அட ஏங் கண்ணு உசுர வாங்கற" என்றார் அப்பா. "மத்ததெல்லாம் நீயே பாத்துக்க. ஓட்டு மட்டும் என்னுது."