காவடி கடந்த இரும்புப் பாலம்

பேருந்து ஒரு ஆற்றை நெருங்கினால் என்னால் உட்கார முடியாது. பக்கத்து இருக்கைக்காரர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். நான் அவர் மடிமேல் சாய்ந்து, சன்னல் வழியே எட்டிப் பார்த்துத் தூணைத் தேடிக்கொண்டிருப்பேன். என் மனைவிக்கு இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. "பாலம் தன் பாட்டுக்கு நிக்குது. நீங்க ஏன் அதைத் தூக்கிப் பிடிக்கறீங்க?" என்பாள். எங்கள் வீட்டில் பேச்சு இந்தத் தீவின் பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழியில்தான். கோயிலிலும் பண்டிகையிலும்தான் தமிழ் வாயில் வரும். ஆகவே இங்கே எழுதுகிற பேச்செல்லாம் பெரும்பாலும் நானே தமிழாக்கியது. மிளகாய் கொஞ்சம் குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலை, பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க வேலை எனக்கு. பொறியியல் படித்ததில்லை. பழைய புத்தகங்களைப் புரட்டியும், கண்ட ஆளையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டும் தெரிந்துகொண்டதுதான். யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: படுத்திருக்கும் பாலம் உண்டு, சாய்ந்திருக்கும் பாலம் உண்டு, தொங்கும் பாலம் உண்டு. கால்வாயின் குறுக்கே தென்னைமரத்தைப் போட்டால் அது படுத்திருக்கும் பாலம். நடுவில் நின்று பாருங்கள், தொய்யும். மேல்பக்க நார் நசுங்கும், கீழ்ப்பக்க நார் இழுபடும். இழுபட்டது தாங்காதபோது அங்கேதான் முதலில் பிளக்கும். தொங்கும் பாலம் வேறொன்றுமில்லை, துணி உலர்த்தும் கொடிதான். ஈரப் போர்வையைப் போட்டதும் இரண்டு பக்கக் கம்பமும் உள்ளே சாயப் பார்க்கும், இல்லையா? அதனால் கம்பத்தைப் பின்னாலிருந்து இழுத்துக் கட்டவேண்டும்.

சாய்ந்திருக்கும் பாலம்தான் நம் தீவில் அதிகம். கருங்கல்லில் வளைத்துக் கட்டியது. ஒவ்வொரு கல்லும் விழத்தான் பார்க்கிறது, பக்கத்துக் கல் விடுவதில்லை. ஆனால் அந்தத் தள்ளுமுள்ளு அத்தனையும் கடைசியில் இரண்டு கரைகளின் தலையில் போய் விடிகிறது. கரை உறுதியாக இருக்கும்வரைதான் வளைவு.

லாங் மவுண்டன் மலையடிவாரத்தில் எங்கள் ஊருக்கும் கோயிலுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் அப்படி ஒரு கல்வளைவு இருந்தது. சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று கடைக்குக் கடை சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு புயலில் வெள்ளம் கரையின் காலைக் குடைந்துவிட்டது. கல் ஒன்றுகூட உடையவில்லை. தள்ளுவதற்குக் கரை இல்லாமல் போனதும், வளைவு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அந்த இடத்தில் தற்காலிகமாக ஓர் இரும்புப் பாலம் போட்டோம். போர்க்காலத்தில் ராணுவம் பயன்படுத்திய வகை. இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்து, ஆணிபோன்ற முளைகளால் பூட்டி, மேலே மரப்பலகை பரப்புவது. நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையை அழுத்துங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஐந்தாவது குச்சி ஒன்றை வைத்துக் கட்டினால் அசையாது. அந்தக் குறுக்குக் குச்சியின் தயவில்தான் அவ்வளவு மெல்லிய இரும்பு லாரியைத் தாங்கியது. உடையாதே தவிர, ஆடும். காய்கறி விற்கும் அம்மா முதல்நாளே கூடையை இறக்கி வைத்து, "அய்யோ, இது பாலமா ஊஞ்சலா?" என்றாள். அன்றிலிருந்து ஊரில் அதற்கு ஊஞ்சல் என்றே பெயர்.

அந்தப் புயலுக்குப் பின்னால் எங்கள் மகளுக்குக் கடும் காய்ச்சல். பிழைப்பாளா என்றே தெரியாத நிலை. பிழைத்தாள். அதற்காக என் மனைவி தைப்பூசத்துக்குப் பால்காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். காவடியின் இரு முனையிலும் கட்டிய இரண்டு சொம்புப் பால், சிந்தாமல் திரியாமல் சாமியிடம் போய்ச் சேரவேண்டும். அதுதான் அவள் சொன்ன வாக்கு. ஆற்றங்கரையில் காவடி கட்டுவார்கள், கோயில் அக்கரையில். நடுவில் ஊஞ்சல்.

பொறியாளர் துரை ஓர் ஆங்கிலேயர். காவடி என்றதும் அவருக்கு முகம் மாறியது. "கூட்டமா? மேளமா? ஆட்டமா? பாலத்தில் இது எதுவும் கூடாது. சிறுசிறு குழுவாக, சும்மா நடந்து போகட்டும். முடியாதென்றால் பாலத்தை மூடிவிடு." மூடினால் சுற்றுவழி. கொதிக்கும் தார்ச்சாலையில், வெறுங்காலோடு, வெகுதூரம். அந்த வெயிலில் பால் திரியாமல் இருக்குமா?

கோயில் தலைவரிடம் போனேன். பெரிய மீசை, பெரிய குரல்.

"லாரி போகுது, கரும்பு போகுது, சாமி மட்டும் போகக் கூடாதா தம்பி?"

"போகலாம் அண்ணே. எல்லாரும் ஒண்ணா நெருக்கிக்கிட்டு ஏறக் கூடாது. லாரி ரெண்டு வந்தா ஒண்ணு இக்கரையில நிக்கும். ஜனம் நிக்குமா? நெருக்கி நின்னா லாரியைவிடக் கனம்."

"சரி, பிரிச்சு விடறேன். மேளம்?"

"மேளம்தான் அண்ணே பயம். ஊஞ்சல்ல குழந்தையைச் சரியான சமயம் பார்த்துத் தள்ளினா, சின்னத் தள்ளுக்கே எவ்வளவு உயரம் போகுது! அத்தனை காலும் ஒரே தாளத்துல விழுந்தா பாலம் அப்படித்தான் ஆடும்."

"மேளம் நின்னா காவடி நிக்கும். காவடி நிக்கக் கூடாது. நீயே சொல்லு, அங்கங்கே மவுனமா நடந்துபோக இது என்ன சவ ஊர்வலமா?"

வெளியே வந்தேன். வாசலில் உறுமி அடிக்கிறவர் தோலைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் தலையைத் தூக்காமலே கேட்டார்: "இக்கரையில ஒரு செட்டு, அக்கரையில ஒரு செட்டு அடிச்சா?" திரும்ப உள்ளே ஓடினேன். ரெண்டு பக்கத்து மேளமும் தாளம் ஒத்துவராமல் அடித்தால் பாலத்தில் நடப்பவர் கால் எதற்கும் கட்டுப்படாது. எனக்கு வேண்டியதும் அதுதானே! தலைவர் மீசையைத் தடவினார். "சென்ட்ர் டி ஃப்ளாக் ஊர்ப் பக்கத்து மேளக்காரங்களைக் கூப்பிடறேன். ரெண்டு செட்டுக்கும் ஆகவே ஆகாது. தாளம் நிச்சயமா ஒத்துவராது!"

பூசத்தன்று விடிந்ததிலிருந்து பாலத்தடியில்தான் இருந்தேன். ஒவ்வொரு முளையாகத் தட்டிப் பார்த்தேன், கரையைப் பார்த்தேன், மறுபடி முளையைத் தட்டினேன். மனைவியை ஆற்றங்கரையில் ஒருதரம் பார்த்தேன். மஞ்சள் புடவை, தோளில் பூச்சுற்றிய வளைவு, நாக்கில் வெள்ளி வேல். இனிக் கோயிலில் அந்த வேல் கழற்றப்படும்வரை அவள் பேசமாட்டாள். என்னைப் பார்த்தாள். கோபமா, தைரியம் சொல்கிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. வாயிருந்தால் "போய் வேலையைப் பாருங்க" என்றிருப்பாள்.

காவடிகள் புறப்பட்டன. இக்கரை மேளம் வெளுத்து வாங்கியது. அக்கரை மேளம் அதைத் தோற்கடிக்கப் பார்த்தது. பாலத்தின்மேல் சிறுசிறு குழுவாக வந்தார்கள். இரும்பு முனகியது, ஆடவில்லை. கூடவந்த ஜனத்தைத் தலைவர் கரையிலேயே கையை விரித்து மடக்கி வைத்திருந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். பாலத்தின் நடுவில் சில பெண்கள் வாளி வாளியாக மஞ்சள்நீரைப் பலகைமேல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காவடி எடுப்பவர் கால் சுடாமலிருக்க வழியெங்கும் தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம். தாருக்கு அது சரி. இதுவோ எண்ணெய் பூசிய புதுப் பலகை. முன்னால் போனவர்களின் காலில் ஒட்டிவந்த ஆற்றுச் சேறு வேறு மேலே.

"அக்கா, ஊத்தாதீங்க! வழுக்கும்!"

"சும்மா இரு. சாமிக்குக் கால் சுடாதா? கீழே இரும்பு வேற!" வாளி கவிழ்ந்தது.

கனத்துக்குக் கணக்குப் பார்த்தேன், தாளத்துக்கு வழி பண்ணினேன். எந்தப் புத்தகத்திலும் இந்த வாளி இல்லை. அடுத்த குழுவில் என் மனைவி பாலத்தில் ஏறிவிட்டிருந்தாள். நிறுத்த முடியாது. காவடி நிற்கக் கூடாது. கரையோரம் ரோட்டு வேலைக்கு அரைத்த கல்மணல் குவிந்திருந்தது. அள்ளி வீசலாமென்று ஓடினேன், கையில் எடுத்ததும் குத்தியது. வெறுங்காலில் இது கத்தியாயிற்றே! கீழே போட்டேன்.

பாலத்து முனையில் கடை வைத்திருந்த சீனர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கை நிறைய வெறும் அரிசிச் சாக்குகளோடு ஓடிவந்தார். "தூஸ்மான்! தூஸ்மான்!" மெதுவாக, மெதுவாக என்று கிரியோலில் கத்திக்கொண்டே ஒவ்வொன்றாக விரித்தார். நானும் அவருமாகக் குனிந்து பின்னோக்கிப் போய்க்கொண்டே விரித்தோம். கடைசிச் சாக்கு எட்டுவதற்குள் அவள் கால் சறுக்கியது.

ஒரு முழங்கால் பலகையில் மோதியது. காவடி ஒருபக்கம் சாய்ந்தது. வாளிப் பெண்கள்தான் வாளியைப் போட்டுவிட்டு இருபுறமும் தாங்கிக்கொண்டார்கள். இடப்பக்கச் சொம்பு கவிழ்ந்து, பலகை இடுக்கு வழியே பால் ஆற்றில் ஒழுகியது. வெள்ளைக் கோடாக விழுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் எழுந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கின்மேல் கால்வைத்து நடந்து அக்கரை மேளத்துக்குள் மறைந்தாள்.

எனக்கு நகர வழியில்லை. இன்னும் காவடிகள் வந்துகொண்டிருந்தன. அக்கரையில் மணி அடித்தது. அபிஷேகம் ஆகிறது போலும். குருக்கள் என்ன சொன்னாரோ? அரைப் பாலோடு நிற்கிறாளே, நேர்த்திக்கடன் கழிந்ததா? கழியவில்லை என்றால் அவள் அதை எத்தனை காலம் மனசுக்குள் வைத்துப் புழுங்குவாள்? கடைசிக் காவடியும் போனது. கூட்டம் இலை போட்டுச் சாப்பிடப் போயிற்று. எனக்குச் சோறு நினைவில்லை. இதே கூட்டம் இதே வழியாகத்தானே திரும்பி வரவேண்டும்? மெல்லிய மரச்சட்டங்களை எடுத்து, கால் பிடிக்கும்படி பலகையின் குறுக்கே வரிசையாக அடிக்க ஆரம்பித்தேன்.

பாதிப் பாலம் அடித்திருப்பேன். மஞ்சள் புடவை நொண்டியபடி வந்தது. கையில் வாழையிலைப் பொட்டலம். நான் சுத்தியலோடு நிமிர்ந்தேன்.

"குருக்கள் ஒண்ணும் கேக்கல," என்றாள். வேல் குத்திய நாக்கு, பேச்சு குழறியது. "இருந்ததை வாங்கி ஊத்தினார். அவ்வளவுதான்."

"உனக்கு? உனக்கு மனசு ஆச்சா?"

அவள் பால் ஒழுகிய பலகை இடுக்கைப் பார்த்தாள். "ஒரு சொம்பு சாமிக்கு. ஒரு சொம்பு உங்க ஊஞ்சலுக்கு. ரெண்டுமே என் பிள்ளை நடக்கற இடம்தானே. உக்காந்து சாப்பிடுங்க."

சாப்பிட்டேன், நின்றுகொண்டே. சோறு முடிவதற்குள் அக்கரையில் சிரிப்பும் பேச்சுமாகக் கூட்டம் திரும்பியது. முன்னால் அதே வாளிப் பெண்கள். வாளிகளில் மறுபடி தண்ணீர். வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் கால் சுடும் அல்லவா! நான் வாய் திறக்குமுன் என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாலத்து முனையில் போய் நின்று, புண்ணான நாக்கோடு கத்தினாள்:

"அக்கா! வாளியை அங்கேயே கவுத்துட்டு வாங்க! ஒரு சொட்டு இங்க விழுந்துச்சு, நீங்க வழுக்கி விழுந்து, அடுத்த வருஷம் உங்களுக்கும் சேர்த்து நான் காவடி எடுக்கணும்!"