ஸ்டெல்லாவின் பாவசங்கீர்த்தனம்

"மிஸ், அம்மா செத்ததிலிருந்து ஸ்டெல்லா நன்மை எடுக்கிறாளில்லை. பூசைக்கு வாறாள். எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போகேக்க இவள் மட்டும் பெஞ்சிலேயே இருக்கிறாள். சனம் கதைக்குது."

கொட்டாஞ்சேனையிலிருந்து ரெஜினா ஃபோனில் அழுதாள். ஸ்டெல்லா அவளுடைய தங்கை, பிறவியிலேயே காது கேளாதவள். நான் செவிப்புலனற்றோர் பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் இருந்தாள். இப்போது ஐம்பதை நெருங்குகிறாள். தையல் கடையொன்றில் வேலை. ஓய்வுபெற்ற பிறகு நான் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைகைமொழி இன்டர்பிரட்டராகப் போய்வந்தேன். கோயில் விஷயத்துக்காக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

வீட்டில்

அவர்கள் வீட்டுக்குப் போய், ஏன் நன்மை எடுப்பதில்லை என்று ஸ்டெல்லாவிடம் சைகையில் கேட்டேன்.

"ஃபாதரிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் எப்படி எடுக்கிறது?" என்றாள்.

"வருசா வருசம் போறனீதானே?"

"போய் முழங்காலில் இருப்பன். ஃபாதர்மார் தலையில கை வைச்சுச் சிரிப்பினம். பிறகு போ எண்டு கை காட்டுவினம். ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்லை."

பக்கத்தில் நின்ற ரெஜினா, "இவளுக்கு என்ன பாவம் மிஸ்? வாய் பேசாத பிள்ளை" என்றாள்.

ஸ்டெல்லா அந்த உதட்டசைவைப் பிடித்துவிட்டாள். மேசையில் ஓங்கி அடித்தாள். "எனக்கும் பாவம் இருக்கு. அம்மா இருக்கேக்க நான் செய்த ஒண்டு இருக்கு" என்றாள். ரெஜினாவுக்கு அதைச் சொன்னபோது அவள் முகம் வெளிறிப்போனது.

ஃபாதரின் அறையில்

பங்குத் தந்தை புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர். "அதுக்கென்ன டீச்சர், நீங்க கூட இருந்து இன்டர்பிரட் பண்ணுங்கோ. திருச்சபைச் சட்டத்தில இடமிருக்கு. கேட்டதை நீங்களும் வெளியில சொல்லக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. பக்கத்தில் இருந்த ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"டாக்டரிட்ட என்ர வருத்தத்தை நீங்கள் சொன்னீங்கள். கோர்ட்டில என்ர காணி வழக்கை நீங்கள் சொன்னீங்கள். இது உங்களுக்கில்லை மிஸ்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இன்டர்பிரட்டர் தன்னைப் பற்றிச் சொல்லப்படுவதையும் விடாமல் சொல்லவேண்டும். சொன்னேன். ஃபாதர் மேசையிலிருந்த பேனையை எடுத்து நீட்டினார்.

"அப்ப எழுதித் தரட்டுமே?"

எழுத்துத் தமிழ் ஸ்டெல்லாவுக்கு அரைகுறை. கடைக்குப் போவதற்குப் போதும், மனதைத் திறப்பதற்குப் போதாது. அதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் கைகள் எழுந்தன.

"ஃபாதர் சிங்களப் பூசை வைக்கிறதுக்குச் சிங்களம் படிச்சவர்தானே? இதையும் படிக்கலாம்."

ஃபாதர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "ஓம், படிக்கலாம்தான்" என்றார்.

புதன்கிழமைகளில் நவநாள் பூசை முடிந்ததும் ஃபாதருக்கு நான் சைகைமொழி வகுப்பு எடுத்தேன். அவர் சுமாரான மாணவர். விரல்கள் வளைந்தன, முகம்தான் வளையவில்லை. சைகைமொழியில் பாதி முகத்தில் இருக்கிறது. புருவத்தை உயர்த்தாவிட்டால் கேள்வி கேள்வியாகாது. "பாவசங்கீர்த்தனம் கேட்கேக்க முகத்தை அசையாமல் வைச்சிருக்கத்தான் எங்களைப் பழக்கினவை, டீச்சர்" என்று வருத்தப்பட்டார். பொய், களவு, பொறாமை, வெறுப்பு, மன்னிப்பு என்று ஒவ்வொன்றாகப் படித்தார். ஸ்டெல்லாவும் வந்து அவர் விரல்களைப் பிடித்துத் திருத்தினாள்.

பங்குச் சபைக்காரர் ஒருவர் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்காக இவ்வளவு மெனக்கெட வேணுமா, ஃபாதர்?" என்று கேட்டார்.

"பாவசங்கீர்த்தனம் எப்பவும் ஒரு ஆளுக்குத்தானே" என்றார் ஃபாதர்.

பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம்

பாவசங்கீர்த்தனக் கூண்டு இருட்டு, நடுவில் வலைத்தட்டி வேறு. அங்கே கையும் தெரியாது, முகமும் தெரியாது. பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் இரண்டு கதிரைகளை எதிரெதிராகப் போட்டு லைட்டைப் போட்டோம். சைகையை எட்டத்திலிருந்தும் படித்துவிடலாம் என்பதால், நானே சன்னல் திரையை இழுத்து மூடினேன். பிறகு ரெஜினாவுடன் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ரெஜினா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே போய் உதவ வேண்டும் என்று கை துடித்தது. அவர் எந்தச் சொல்லை மறந்து நிற்கிறாரோ என்று தவித்தேன். போகவில்லை.

ஸ்டெல்லா அழுத கண்களோடு வெளியே வந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"நிறையப் பிழை விட்டார். திரும்பத் திரும்பச் சொன்னன். கடைசியில விளங்கினது. முகம் மாறினது."

"கோபமோ?"

"இல்லை. கவலை." கண்ணைத் துடைத்தாள். "எனக்குப் பரிகாரம் தந்தவர். முதல் தரம்."

என்ன பரிகாரம் என்று ரெஜினா கேட்டாள். கேள்வியை அவளிடம் சேர்த்தேன். ஸ்டெல்லா போய்ப் பீடத்தின் முன் முழங்காலிட்டாள். அவளுடைய கைகள் நெஞ்சுக்கருகே மெல்ல அசைந்தன. நான் வேறு பக்கம் பார்த்தேன். உயிர்த்த ஞாயிறன்று அவள் வரிசையில் நின்று நன்மை எடுத்தாள்.

இப்போது வெள்ளவத்தைக் கோயில்களிலிருந்தும் பள்ளிவாசல்களிலிருந்தும் இன்டர்பிரட்டர் கேட்டு ஃபோன் வருகிறது. போகிறேன். இந்த வேலைக்கு வரும் இளம்பிள்ளைகளையும் அனுப்புகிறேன். நாங்கள் தேவைப்படும் இடங்கள் நிறையவே உண்டு. ஆனால் அழைப்பவர்களிடம் முதலில் ஒன்று கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்: "உங்கட ஆக்களில ஆர் இந்தச் சைகைமொழியைப் படிக்கப் போயினம்?"