ஏகாம்பரம் எரித்த நாவல்

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் வண்டிக்குக் காத்திருந்தபோது வந்தது. சொன்னவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். புது வேலை, லீவு கிடையாது. தங்கச் சுரங்கம் மூடிய இந்த ஆண்டில் அஞ்சலி எழுதி எழுதி எனக்குக் கை சலித்துவிட்டது. ஆனாலும் இவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டை இழுக்கும் எஞ்சினுக்கு அவர் டிரைவர். எஞ்சின் ரூமில் இருப்பவருக்குக் கூண்டு கண்ணில் படாது. கீழேயிருந்து மணி அடித்தால் இழுக்க வேண்டும். யார் வருகிறார்கள் என்று கேட்க வழியில்லை. இந்த வேலையில் இருந்துகொண்டே இளம் வயதில் 'கடைசி கேஜ்' என்றொரு நாவல் எழுதி, ஆண்டர்சன்பேட்டையில் தாமே அச்சிட்டார்.

கதை வருங்காலத்தில் நடக்கிறது. தங்கம் தீர்ந்து சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஒருநாள் பூமி அதிர்கிறது. வேறு ஊராக இருந்தால் பூகம்பம் என்று வெட்டவெளிக்கு ஓடுவார்கள். நம் ஜனம் சுரங்கத்தில் பாறை வெடித்துவிட்டது என்று பதறி, "எந்த ஷாஃப்ட்?" என்று கேட்டுக்கொண்டு சுரங்க வாயை நோக்கி ஓடுகிறது. கீழே ஒருவரும் இல்லை என்பதே மறந்துபோகிறது. அங்கே போய் நின்றால், கீழேயிருந்து மணி அடிக்கிறது.

புத்தகம் வந்த சில வாரங்களில் நிஜமாகவே கீழே பாறை வெடித்தது. அன்று எஞ்சினில் இருந்தவர் அண்ணன்தான். அவர் இழுத்த கூண்டில் வந்த உடல்களில் ஒன்று, அண்ணன் இருந்த அதே லைன் வீட்டு வரிசையில் குடியிருந்த முனியம்மாவின் கணவருடையது. அவர் எழுதியதுதான் பலித்துவிட்டது என்று, புத்தகத்தைப் படிக்காதவர்கள்தான் முதலில் வாய் திறந்தார்கள். அதைக் கேட்ட முனியம்மா அண்ணன் வாசலுக்கே வந்து, "நீ எழுதின, அவரு பூட்டாரு" என்று மண்ணை வாரித் தூற்றினார். அண்ணன் விற்ற பிரதிகளையும் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். அதன் பிறகு அந்த அம்மாள் வீட்டு வாசலைக் கடக்காமல், அண்ணன் லைனைச் சுற்றிக்கொண்டுதான் ஷிஃப்டுக்குப் போனார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆண்டர்சன்பேட்டை பழைய பேப்பர் கடையில், தப்பிய பிரதி ஒன்று என்னிடம் சிக்கியது. நான் தொழிற்சாலை ஃபிட்டர். சின்னதாகப் பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவன். ஒரே மூச்சில் படித்துவிட்டு அண்ணனிடம் ஓடினேன். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இது இன்னாத்துக்கு உன்கிட்ட கீது?"

"மறுபடி போடலாம்ண்ணே. இந்த மாதிரி கதை நான் படிச்சதே இல்ல."

"அந்தம்மா போடச் சொன்னா போடு. இல்லாங்காட்டி உட்ரு."

"நான் போய்க் கேக்கட்டுமா?"

"கேக்காத. அவங்க வூட்டுக்காரர மேல இஸ்த்தவன் நானு. மணி அடிச்சிது, இஸ்த்தேன். அவங்களா சொல்லணும்."

அதன் பிறகு எப்போது டீ குடிக்க உட்கார்ந்தாலும் பேச்சு அங்கேயே போய் முட்டும். எனக்கு எரிச்சலாக வரும். படிக்காத புத்தகத்துக்கு ஒருவர் எப்படிச் சம்மதம் சொல்வார்? இந்த ஆண்டு சுரங்கம் மூடியதும், இனிமேலாவது மனம் மாறுவார் என்று போனேன். "நான் புளுகா எழுதினதுப்பா. இப்போ பேப்பர்லயே வந்துட்ச்சி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் தெம்பே இல்லை. நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

சாவு வீட்டில் கூட்டமில்லை. பாதிப் பேர் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். நாவலை அவரோடு வைத்துவிடலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். முனியம்மா மாலையோடு வந்தார். தலைமாட்டில் சற்று நின்றுவிட்டு, நேரே என்னிடம் வந்தார்.

"உன்கிட்ட அந்தப் பொஸ்தகம் ஒண்ணு கீதுன்னு லைன் பூரா தெரியும். எனக்குப் படிக்க வராது. கடைசில இன்னா எழுதிகீறார்னு படி."

படித்தேன். மூடிய சுரங்கத்தில் மணி அடிக்க, டிரைவர் எஞ்சினை ஓட்டுகிறார். கூண்டு மேலே வருகிறது. இத்தனை காலமும் கீழே மாண்டவர்கள், டிபன் கேரியரும் கையுமாக ஒவ்வொருவராக இறங்கி, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடக்கிறார்கள். அத்துடன் நாவல் முடிகிறது.

"எல்லாரும் வந்துட்றாங்களா?"

"வந்துட்றாங்கம்மா."

"இதையா கொளுத்தினாரு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போடு தம்பி. அவரு பேரப் பெருசா போடு."

அண்ணே, நான் கேட்கவில்லை. அந்த அம்மாளாகத்தான் சொன்னார். உங்களிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அதற்குள் உங்களைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.