இரண்டு மணி நேர வேலை

பட்டம்மாளை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். வியாசர்பாடிக் குடியிருப்பில் அவள் மூன்றாவது மாடி, நான் தரைத்தளம். ஒரு ஜெராக்ஸ் மிஷினை வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பேர் செங்கொடி. பேருக்கேற்ற கோபம் என்று கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். பட்டக்காவுக்கு நடந்ததைக் கேட்டும் கோபம் வராதவர் சோற்றில் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவரே இல்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டு வேலைக்கு மணிக்கணக்கு கிடையாது. பாத்திரம் ஒரு வேலை, பெருக்கித் துடைப்பது ஒரு வேலை, துணி ஒரு வேலை. வேலைக்கு இவ்வளவு என்று பேசி மாதச் சம்பளம். புது வீடு கேட்டுப் போகிறவள் முதலில் சொல்வது தன் கை வேகத்தைத்தான். "மூணு வேலையா? ரெண்டே அவர்ல முடிச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன்" என்று சொன்னால்தான் வீடு கிடைக்கும். கூட அரை மணி சொன்னால் சோம்பேறி என்று பட்டம். பட்டக்காவும் அப்படிச் சொல்லித்தான் ராயபுரத்தில் அந்த நாலாவது மாடி வீட்டைப் பிடித்தாள். சம்பளம் நாலாயிரம்.

அவள் சொன்னது பொய்யில்லை. விட்டால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிற கைதான். ஆனால் விட்டால்தானே! காலை ஏழு மணிக்குப் போய் மணி அடித்தால் கதவு திறக்கவே கால் மணி. ஐயா சாப்பிட்டு முடிக்கிற வரை பாத்திரம் விழாது. வீட்டுக்கார அம்மா பூஜையை முடிக்கிற வரை கூடத்தைப் பெருக்கக் கூடாது. துணியை எடுத்துக்கொண்டு போனால் மொட்டை மாடிச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். நடுவில் ஐயாவின் அப்பா, அந்தப் பெரியவரைக் குளிப்பாட்டிவிடு, கொத்தமல்லி ஆய்ந்துவிடு. இதெல்லாம் எந்த வேலையில் சேர்த்தி? எதிலும் இல்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் கீழே இறங்குவாள். சும்மா இருக்கிற நேரத்தில் உட்காரவாவது விட்டார்களா? சமையலறை வாசலில் நிற்க வேண்டும். அந்த வீட்டில் ஆறு நாற்காலி இருக்கிறது.

தண்டையார்பேட்டையில் பத்து மணிக்கு அவளுக்கு இன்னொரு வீடு இருந்தது. நாலு நாள் தாமதமாகப் போனாள். ஐந்தாம் நாள் வேண்டாம் என்றுவிட்டார்கள். வாடகை அந்தச் சம்பளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் பட்டக்கா ராயபுரத்து அம்மாவிடம் வாயைத் திறந்தாள். ஒன்பது மணிக்கு விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பன்னிரண்டு மணி வரைக்கும் கணக்குப் பண்ணிக் கொடுங்கள் என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

"சும்மா நிக்கிறதுக்கெல்லாம் யாராவது காசு தருவாங்களா பட்டம்மா?" என்றாராம் அந்த அம்மா.

வீட்டு வேலைக்கு மணிக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று அரசாங்கமே ஆணை போட்டு வருடக்கணக்காகிறது. எத்தனை வீட்டில் அது தெரியும்? தெரிந்த வீட்டில் எத்தனை பேர் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வார்கள்? உட்கார்ந்து மனு எழுதினேன். தினமும் ஐந்து மணி நேரம், வார விடுமுறை கிடையாது, எல்லாம் எழுதினேன். ஒரு மாதம் கழித்துத் தொழிலாளர் அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள்.

அதிகாரி நல்ல மாதிரிதான். மனுவைப் புரட்டிவிட்டு நேராகப் பட்டக்காவைக் கேட்டார். "இந்த மூணு வேலையும் முடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்மா?"

பட்டக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரெண்டே அவர் சார். எங்க பில்டிங்ல என் கை வேகம் யாருக்கும் வராது."

அடிப்பாவி! நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுப்பதற்குள் அவர் எழுதிவிட்டார். "ரெண்டு மணி நேரம்தான் சார், அவங்களே சொல்றாங்களே" என்று அந்த அம்மா சிரித்தார். நான் எழுந்து நின்று கத்தினேன். வேலை செய்கிறவரே சொன்ன பிறகு நீங்கள் யார் என்று என்னை உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு நாலாயிரம் சட்டப்படி சரி. தினசரி வேலை நேரம் இரண்டு மணி என்று தாளில் ஏறி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு நகலும் வாங்கியாயிற்று.

ஷேர் ஆட்டோவில் நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். "ஐயோ, நான் இன்னா பண்ணுவேன் செங்கொடி? எவ்ளோ நேரம்னு கேட்டா வாயில அதான் வருது. இருபது வருசமா அத்தயே சொல்லிக்கினு கீறேன்" என்று அழுதாள். அழுது முடித்ததும் அந்தத் தாளை வாங்கி, எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டு என்றாள். படித்தேன். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஏழு மணிக்குப் போனாள். கதவு திறக்கிற வரை நின்றாள், ஐயா சாப்பிடுகிற வரை நின்றாள். ஒன்பது மணி அடித்ததும் சோப்புப் போட்ட பாத்திரத்தை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள்.

"துணி யார் பண்றது? பெரியவரைக் குளிப்பாட்டணும்!" அந்த அம்மா பின்னாலேயே ஓடி வந்தார்.

"ரெண்டு அவர் ஆயிடுச்சிமா. நீங்களும் கையெழுத்துப் போட்டு கீறீங்க."

"கை வேகம்னு நீதானே சொன்னே?"

"கை வேகமாத்தான் கீது. நீங்கதான் ஒரு அவர் நிக்க வெச்சிட்டீங்க."

மூன்று நாள் இப்படி. நாலாம் நாள், இனி வராதே என்று சொல்லிவிட்டார்கள். நான் பயந்தேன். பட்டக்கா பயப்படாமலா இருந்தாள்? அந்த மாத வாடகைக்குக் காதில் இருந்ததை அடகு வைத்தாள். ஆனால் லாரித் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பெண்களிடமும் நடந்ததைச் சொன்னாள், தன் தப்பையும் சேர்த்து. எங்கள் குடியிருப்பிலிருந்து கெங்கம்மா அந்த வீட்டுக்கு வேலை கேட்டுப் போனபோது வழக்கமான கேள்வி வந்திருக்கிறது. "எவ்வளவு நேரத்துல முடிப்பே?"

"நீ எவ்ளோ நேரம் நிக்க வெப்பே, அத்த சொல்லுமா மொதல்ல" என்றாளாம் கெங்கம்மா. கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்துப் போன இரண்டு பேரும் அதையே கேட்டிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் அந்த அம்மாவே போன் செய்தார். பெரியவரைத் தூக்க முடியாமல் தனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். பட்டக்கா சரி என்று ஓடிவிடவில்லை. என்னை எழுதச் சொன்னாள். ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை, மணிக்கணக்கில் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. என்றைக்கோ போட்ட ஆணையில் பாதியைக் கேட்டு வாங்க ஒருத்தி பன்னிரண்டு நாள் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது, த்தூ!

சாட்சிக்கு நானும் கூடப் போனேன். அந்த அம்மா தாளை இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்துவிட்டு, மறுபடியும் கீழே வைத்தார்.

"இதுல நீ சும்மா நிக்கிற நேரமும் சேர்ந்திருக்கா பட்டம்மா?"

"ஆமாம்மா" என்றாள் பட்டக்கா. "நின்னாலும் என் காலுதானே வலிக்குது."