முன்புறம் இல்லாத கார்

அன்வருதீன் வீட்டுக்கு முதல் முறை வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிடுவார்கள். தெருவைப் பார்த்த முன்னறையில், ஷட்டருக்குப் பின்னால், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் வாய் பிளந்து போகும். வழுக்கி இறங்கும் பின்புறம், அகலமான இரண்டு கதவுகள், தரையோடு தாழ்ந்த இருக்கைகள். எல்லாம் ஃபைபர். எல்லாம் அவர் கையால் செய்தது. அப்படியே சுற்றிக்கொண்டு முன்னால் போனால் அங்கே எதுவும் இல்லை. பழைய மாருதி ஒன்றின் எஞ்சினும் இரும்புச் சட்டமும் திறந்தபடி கிடக்கின்றன. கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் ஒருமுறை, "யாரு பாய் தலைய வெட்டிட்டுப் போனது?" என்று கேட்டார். அன்வருதீன் சிரித்தார். உள்ளேயிருந்த அவர் மனைவி ஜஹபர் நிஷா சிரிக்கவில்லை.

கருவடிக்குப்பத்தில் அவர்களுக்கு அடுத்த வீடு எங்களுடையது. அந்தக் காருக்கு முன்புறம் இல்லாமல் போன சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். கண்ணால் பார்த்தும் இன்னும் நம்ப முடியாத சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

அன்வருதீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முல்லா வீதியில் பிறந்தவர். அவருடைய அப்பா பெரிய மார்க்கெட்டில் கயிறும் சாக்கும் விற்றார். மகன் கடையில் உட்காரவில்லை. பதினேழு வயதில் துறைமுகத்துப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்தார். மரப் படகுகள் போய் ஃபைபர் படகுகள் வந்துகொண்டிருந்த காலம். சுனாமிக்குப் பிறகு கேட்கவே வேண்டாம், மூச்சுவிட நேரமில்லாமல் படகு செய்தார்கள். இந்தக் கடற்கரையில் எந்தக் குப்பத்தில் இறங்கினாலும் அவர் கை பட்ட படகு ஒன்றாவது மணலில் கிடக்கும்.

"ஆனா பாரும்மா, ஒண்ணுகூட என்னுது இல்ல" என்று ஒருநாள் மதில் மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "தண்ணில எறக்குனதோட சரி. நான் பண்ணது ஒண்ணு என் வாசல்ல நிக்கணும். அவ்ளோதான் ஆசை."

அதற்காக ஒரு படகைச் செய்து வாசலில் நிறுத்தியிருந்தால் தெரு அவ்வளவு அதிர்ந்திருக்காது. அவர் செய்யத் தொடங்கியது கார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. தையல்கடைக்கு வாடகைக்கு விடுவதாக இருந்த முன்னறையில் ஒரு காலை நேரத்தில் மாருதியின் எலும்புக்கூடு வந்து இறங்கியபோது, நிஷா அக்கா கையிலிருந்த முறத்தோடு தெருவுக்கே வந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! இன்னாங்க இது? உங்களுக்கு மொபெட்டையே நேரா ஓட்டத் தெரியாது. இதுல ரேஸ் காரா?"

"ஓட்டறதுக்கு இல்ல நிஷா. பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா? ஏன், என்னைப் பாத்து அலுத்துப்போச்சா?"

மூன்று வருடம் அந்த வீட்டில் ஃபைபரை இறுக்கும் ரெசின் வாடை அடித்தது. பெருநாள் பிரியாணியே படகு மாதிரி மணக்கிறது என்று நிஷா அக்கா எங்கள் வீட்டில் வந்து புலம்புவார். புலம்பிக்கொண்டே தட்டை நீட்டுவார். அதில் ஒரு வாடையும் இருக்காது.

அந்தக் காருக்கு மூலம் எங்கள் தெருவிலேயே இருந்தது. மூன்று வீடு தள்ளி இருந்த புருஷோத்தமன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பம் பிரான்சில். டிசம்பரில் வருவார், வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார். நான் பள்ளியில் தமிழோடு பிரெஞ்சும் படித்தவள் என்பதால் என்னைக் கண்டால் பிரெஞ்சில் நலம் விசாரிப்பார். தெருவுக்கே அவர் 'முசியே', அதாவது பிரெஞ்சில் ஐயா. இளம் வயதில் வாங்கி, பிறகு கப்பலில் கொண்டுவந்த சிவப்பு நிற இரண்டு சீட்டுக் கார் அவருடைய ஷெட்டில் இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் கம்பெனியில் அடித்த பெயிண்ட் அப்படியே இருக்கிறது என்பதில்தான் அவருக்குப் பெருமை. யாராவது விரலை நீட்டினாலே, "தொடாம பாரு" என்பார்.

அப்படிப்பட்டவர் அந்தக் கார் மேல் மோல்டு எடுக்க அன்வருதீனுக்கு அனுமதி கொடுத்தது முதல் அதிசயம். மோல்டு என்பது அச்சு. காரின் மேல் மெழுகு தேய்த்து, அதன் மேல் ரெசினும் கண்ணாடி நார்ப் பாயும் மாற்றி மாற்றி ஒட்டி, இறுகிய பிறகு ஓடு போலக் கழற்ற வேண்டும். அந்த ஓட்டுக்குள் மறுபடி ஃபைபர் போட்டு எடுத்தால் காரின் அதே வளைவு கிடைக்கும். முதல் குளிர்காலத்தில் கதவுகள், அடுத்ததில் பின்புறம். இரண்டும் சுத்தமாகக் கழன்று வந்தன.

மூன்றாவது வருடம் முன்புறம் மட்டும் பாக்கி. அப்போதுதான் புருஷோத்தமன் காரை விற்றுவிட்டதாகச் சொன்னார்.

"இனிமே என்னால அடிக்கடி வர முடியாது அன்வர். சென்னைல ஒருத்தர் வாங்கிட்டார். ஞாயித்துக்கிழமை காலைல வந்து ஏத்திக்கினு போயிடுவாங்க. அதுக்குள்ள எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்கோ. ஆனா ஒரு கீறல் விழக் கூடாது."

"விழாது முசியே. என் பொறுப்பு."

கைகொடுத்து, ஷெட் சாவியையும் கார்ச் சாவியையும் அவரிடம் விட்டுவிட்டு, உறவினர்களைப் பார்க்க புருஷோத்தமன் காரைக்காலுக்குப் போனார். அன்வருதீன் பட்டறைக்கு லீவு போட்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போன நேரம் தவிர ஷெட்டை விட்டு அவர் வெளியே வரவில்லை. பானெட், சக்கரங்களுக்கு மேல் இரண்டு பக்கத்து ஃபெண்டர், கீழே காற்று நுழையும் வாய் எல்லாவற்றையும் ஒரே ஓடாகப் போர்த்தினார். படகுக்குப் போடுவதுபோல் தடிமனாக, மேலே மரச் சட்டம் வைத்து உறுதியாக.

சனிக்கிழமை காலை அது கழலவில்லை.

மரத்துண்டுகளை ஓரத்தில் செருகித் தட்டினார். சைக்கிள் பம்ப்பால் இடுக்கில் காற்று அடித்தார். பட்டறையில் அவரோடு வேலை செய்யும் வடிவேலுக்குப் போன் போட்டு வரவழைத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியபோது ஓட்டோடு சேர்ந்து காரே எழும்பியது. அதைப் பார்த்துத்தான் நிஷா அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"வளையல் கையில மாட்டிக்கிச்சுன்னா இன்னா பண்ணுவோம்? சோப்புத் தண்ணி ஊத்துங்க" என்று ஒரு குடமே கொண்டுவந்து ஊற்றினார். ஷெட் முழுக்க நுரை. வடிவேல் வழுக்கி விழுந்தார். "பாபி, என்னைக் கழட்டச் சொல்லல, மோல்டைக் கழட்டச் சொன்னாங்க" என்று அவர் நிஷா அக்காவிடம் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். அன்வருதீன் மட்டும் தரையில் படுத்து, காரின் முகவாய்க்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து டார்ச்சை அணைத்தார்.

"வடிவேலு, இது ஒட்டிக்கல. கவ்விக்கிச்சு."

எனக்குப் புரிய அவரேதான் விளக்கினார். படகின் அச்சு வாய் அகன்றது. உள்ளே போட்டதை நேராக மேலே தூக்கிவிடலாம். முப்பத்தைந்து வருடமாக அவர் கை பழகியது அதற்குத்தான். காரின் முன்புறமோ கீழே வந்ததும் உள்ளே மடங்குகிறது. அந்த மடிப்பு வரைக்கும் அவர் ஓட்டைக் கொண்டுபோய்விட்டார். ஒரு பந்தைக் கை முழுதாகப் பொத்திக்கொண்டதுபோல் அது காரைப் பிடித்துக்கொண்டது. கதவிலும் பின்புறத்திலும் அப்படி மடிப்பு இல்லாததால் அவருக்கு இது தோன்றவே இல்லை. மெல்லியதாகப் போட்டிருந்தால்கூட வளைத்து எடுத்திருக்கலாம். கடலுக்குப் போகிற கனத்தில் போட்டிருந்தார்.

"சரிண்ணே, அதுக்கு இன்னா. நடுவுல ஒரே கோடா கட்டிங் மிஷின் ஓட்டுவோம்" என்றார் வடிவேல். "ரெண்டா பொளந்தா கதவு தொறக்குற மாதிரி தொறந்துக்கும். அப்புறமா வெளிய வச்சு ஒட்டிக்கலாம். மோல்டு தப்பிச்சிடும்."

"பிளேடு எங்க நிக்கும்?"

வடிவேல் ஓட்டின் கனத்தை விரலால் அளந்து பார்த்தார்.

"படகு மோல்டுல வெட்டினா அடியில ஒண்ணுமில்ல. இங்க அடியில அவரு பெயிண்ட் இருக்குடா. மயிரளவு கீழ போனா நெத்தி நெடுக கோடு விழும்."

"வேற வழி?"

"மேலாக்க மட்டும் கோடு கோடா கீறி, ஓரத்துலேர்ந்து குறடு போட்டு ஒடைச்சு ஒடைச்சு எடுக்கணும்."

"அப்போ மோல்டு?"

அன்வருதீன் சோப்பு நுரையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். மோல்டு இருக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நாளை கார் போய்விடும். இன்னொரு அச்சு எடுக்க இன்னொரு கார் எங்கும் கிடையாது.

"முசியேக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றார் நிஷா அக்கா. "இந்த மாதிரி ஆயிடுச்சு, நடுவுல வெட்டட்டுமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. தங்கமான மனுஷன். சரின்னு சொல்லிடுவாரு."

"சொல்லிடுவாரு. அதனாலதான் கேக்க மாட்டேன்."

"இது இன்னா பேச்சு?"

"கீறல் விழாதுன்னு சொல்லிட்டு, விழுந்தா பரவால்லையான்னு கேக்கறதா? அவரு என் முகத்துக்காக சரின்னுவாரு. வேணாம் நிஷா."

கட்டிங் மிஷினை எடுத்தார். ஓட்டின் மேல் சதுரம் சதுரமாக ஆழமில்லாமல் கீறினார். வெள்ளைத் தூசி எழும்பி ஷெட்டே தெரியாமல் போனது. பிறகு குறட்டை எடுத்தார். முதல் துண்டு உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எலும்பு முறிவது போல இருந்தது. நிஷா அக்கா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். மூன்று வருடமாக அந்தக் காரைத் திட்டித் தீர்த்தவர்.

"நிறுத்துங்க! உங்களுக்குப் பைத்தியமா? உங்க கையாலயே ஒடைப்பீங்களா?"

"வேற யாரு ஒடைக்கறது? விடு."

உடைந்த ஒவ்வொரு துண்டின் உள்பக்கமும் கண்ணாடிபோல் பளபளத்தது. ஒன்றில் விளக்கின் வட்டம், ஒன்றில் பானெட்டின் மெல்லிய மேடு. அவ்வளவு சுத்தமாக அச்சு விழுந்திருந்தது. வடிவேல் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு மோல்டு நம்ம பட்டறையில விழுந்ததே இல்லண்ணே" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. அன்வருதீன் அதைப் பார்க்கவில்லை. உடைத்துக்கொண்டே இருந்தார். மாலையில் கார் சிவப்பாக, முழுசாக, சோப்பு மணத்தோடு நின்றது. சுவர் ஓரத்தில் மூன்று சாக்கு நிறையச் சில்லுகள்.

மறுநாள் காலை புருஷோத்தமன் பேருந்தில் வந்து இறங்கியபோதே சென்னை லாரியும் வந்துவிட்டது. காரை வாங்கிய செல்வகுமார் இளைஞர். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் போன். காரைச் சுற்றி வந்து பானெட்டை இரண்டு தட்டு தட்டினார்.

"பாடி நல்லா இருக்கு சார். பெயிண்ட்தான், எப்படியும் முழுசா உரிச்சுடப் போறோம்."

"உரிக்கப் போறீங்களா?" என்றார் புருஷோத்தமன்.

"ஆமா சார். இரும்பு வரைக்கும். மேட் பிளாக் அடிக்கிறோம். ஷாப்ல சொல்லியாச்சு, நாளைக்கே ஆரம்பிச்சுடுவாங்க."

போனைப் பார்த்தபடியே சொன்னார். லாரியின் பலகையை இறக்கிக்கொண்டிருந்த வடிவேலின் கை அப்படியே நின்றது. நிஷா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அன்வருதீனைப் பார்க்கப் பயந்து சாக்குகளைப் பார்த்தேன். புருஷோத்தமனும் அப்போதுதான் அவற்றைப் பார்த்தார்.

"அது என்ன?"

வடிவேல் பலகையை விட்டுவிட்டு வந்தார். அவர்தான் நடந்ததைச் சொன்னார். நடுவில் வெட்டியிருந்தால் மோல்டு பிழைத்திருக்கும் என்பதையும் சேர்த்து.

"மோன் தியூ, கடவுளே" என்றார் புருஷோத்தமன். சாக்குக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். அதன் பளபளப்பில் அவர் சட்டையின் நிறம் தெரிந்தது. "அன்வர், எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா? வெட்டுன்னு சொல்லியிருப்பேனே!"

"சொல்லியிருப்பீங்க முசியே. தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்..." துண்டைச் சாக்கின் மேல் வைத்தார். செல்வகுமார் பக்கம் திரும்பினார். "ஒரு வாரம் கழிச்சு எடுத்துக்கறீங்களா? இவரு மறுபடி ஒரு மோல்டு எடுத்துக்கட்டும்."

"சாரி சார். லாரி வாடகை, ஷாப் அட்வான்ஸ் எல்லாம் குடுத்தாச்சு."

"விடுங்க முசியே" என்றார் அன்வருதீன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஏத்தறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துடுங்க."

"எதை?"

"பெயிண்டை."

"அன்வர், அதான் உரிக்கப்..."

"அது அவங்க பாடு. நான் உங்ககிட்டதான் சொன்னேன். நீங்க பாருங்க."

புருஷோத்தமன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பானெட், இடது ஃபெண்டர், வலது ஃபெண்டர். விரல் படாமல் முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அடியிலயும் பாருங்க. மடிப்புகிட்ட."

வெள்ளைப் பேண்ட்டோடு அந்தப் பெரியவர் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். ஒரு கையை ஊன்றித் தலையைச் சாய்த்து, நெடுநேரம் அப்படியே இருந்தார். லாரிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் எழ முடியாமல் தடுமாறினார். அன்வருதீன் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"இல்ல" என்றார் புருஷோத்தமன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா முசியே?"

"ஒரு கீறல்கூட இல்ல அன்வர்."

அன்வருதீன் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்துப் புருஷோத்தமன் உள்ளங்கையில் வைத்தார். பிறகு லாரிக்காரர்களிடம் திரும்பி, "பாத்து, மெதுவா ஏத்துங்க. பலகையில சாக்கு விரிச்சுக்கங்க" என்றார்.