சரளை மேட்டில் ஓர் ஆளுயரக் குழி

ஜோசியத்துக்கு அடுத்தபடியாக, கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டிய தொழில் ஒன்று உண்டென்றால், அது மண் பார்க்கிற தொழில்தான். கல்யாணத் தரகர்களும் டாக்டர்களும் படுகிற பாட்டை நாங்களும் பட்டிருக்கிறோம். நல்லதைச் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது, கெட்டதைச் சொன்னால் பேரன் காலம்வரை திட்டுவார்கள். இதைப் படிக்கிறவர்களில் அந்த ஜாதி யாராவது இருந்தால் என்மேல் கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஊர் ஊராகப் போய் ஆளுயரக் குழி வெட்டி, அதற்குள் இறங்கி நின்று, மேலிருந்து கீழ்வரை மண் எப்படி மாறுகிறது என்று எழுதுவது என் வேலை. வெட்டுவது மாயாண்டி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாயைத் திறந்து பேசுவது அபூர்வம்.

உச்சி வெயிலில் குழிக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே அனல் பறக்கும், கழுத்துக்குக் கீழே குளுகுளுவென்று இருக்கும். தலைக்கு மேல் ஒரு பாய் அளவுக்கு ஆகாயம், நாலு பக்கமும் மண் வாசனை. கண் தானாகச் சொருகும். அரசாங்கச் சம்பளத்தில் நின்றபடியே கனாக் காண இதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது. அப்படிச் சுகமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்த என்னை ஒரு மேடு பிடித்து உலுக்கிவிட்டது.

மேட்டில் ஓடிய ஆறு

கொடைரோட்டிலிருந்து மலையைப் பார்த்து நடந்தால், சமவெளி ஓரிடத்தில் சட்டென்று ஒரு படி ஏறும். அந்தப் படிக்கு ஊரில் சரளை மேடு என்று பெயர். உடைமரமும் ஆவாரையும் தவிர வேறு எதுவும் அங்கே முளைக்காது. அதில் நாலு ஏக்கர் அழகர்சாமியுடையது. பாகம் பிரித்தபோது அண்ணன்மார் இரண்டு பேரும் கீழே ஆற்றோரத்து நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், கடைசித் தம்பிக்கு மேடு விழுந்தது. மூன்று வருஷமாக என்ன விதைத்தாலும் சாண் உயரம் வந்து மஞ்சளித்து நின்றுவிடும். அவர் மனைவி பேச்சியம்மாளின் அண்ணன் மதுரையில் மில் மேஸ்திரி. தை பிறந்ததும் வந்தால் மாப்பிள்ளைக்கு வேலை என்று சொல்லியனுப்பியிருந்தார். பேச்சியம்மாள் போய்விடலாம் என்றாள். அழகர்சாமிக்கு மனசே இல்லை. இருக்கவா, போகவா என்று மண்ணைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். அப்போது புரட்டாசி.

மாயாண்டி வெட்ட வெட்ட, உருண்டை உருண்டையாகக் கூழாங்கற்கள் வந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தேன். முட்டைபோல வழவழவென்று இருந்தது. தண்ணீர் உருட்டாமல் கல் இப்படி ஆகாது. "ஒரு காலத்துல ஆறு இந்த உயரத்துலதான் ஓடியிருக்கு. அப்புறம் தரையை அறுத்துக்கிட்டே கீழே இறங்கிப் போயிருச்சு. பழைய படுகை மட்டும் மேலேயே நின்னுபோச்சு" என்றேன். சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் தண்ணீர் போகிறது, மீன்கள் போகின்றன, மலையிலிருந்து ஒரு பூ மிதந்து வருகிறது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. குழி விளிம்பில் குந்தியிருந்த அழகர்சாமி பெருமூச்சு விட்டார்.

"அப்பவே பாகம் பிரிச்சிருந்தா எனக்கும் ஆத்தோரமா விழுந்திருக்கும் சார்."

புடவைக்கு நிறம் பார்த்தது

மண்ணின் நிறத்தைச் சும்மா சிவப்பு என்று எழுதிவிட முடியாது. சின்னச் சின்ன வண்ணச் சதுரங்கள் ஒட்டிய புத்தகம் ஒன்று கொடுத்திருந்தார்கள். மண்கட்டியை நனைத்து, ஒவ்வொரு சதுரத்தோடும் ஒட்டிப் பார்த்துப் பொருத்தம் சொல்ல வேண்டும். இந்த மேட்டில் மேலே முழங்கால் ஆழத்துக்குத் துருப் பிடித்த மாதிரி சரளை. அதற்குக் கீழே செங்கல் நிறத்தில் களிமண், அதற்குள்ளும் கல். இன்னும் கீழே போனால் சிவப்புக்குள் சாம்பலும் மஞ்சளும் திட்டுத் திட்டாக. மழை பெய்தால் தண்ணீர் இறங்க வழியில்லாமல் அங்கே தேங்கி நிற்கிறது என்று அதற்கு அர்த்தம். படிக்க வருத்தமான விஷயம்தான், ஆனால் அந்தத் திட்டுக்கள் அத்தனை அழகு. சாயங்கால மேகத்தை யாரோ மடித்து உள்ளே வைத்ததுபோல் இருந்தது.

நான் கட்டியைத் திருப்பித் திருப்பி நிறம் பார்த்துக்கொண்டிருக்க, பேச்சியம்மாள் கம்பங்கூழும் வெங்காயமும் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு செத்த நேரம் பார்த்தாள்.

"இந்தக் கலரு வேணும்னா சின்னாளபட்டியில சேலையாவே கெடைக்கும் சார். அதையாச்சும் கட்டிக்கிறலாம், இதை வச்சு என்ன செய்ய?"

பொங்காத மண்

எங்கள் பெட்டியில் ஒரு சின்னப் புட்டியில் அமிலம் இருக்கும். ரெண்டு சொட்டு விட்டால், சுண்ணாம்பு உள்ள மண் சோடா மாதிரிப் பொங்கும். எரியோட்டுப் பக்கம் ஒரு கரிசல் காட்டில் அது பொங்கிய பொங்கலைப் பார்த்து, சுற்றி நின்ற ஜனம் கை தட்டியது. சரளை மேட்டில் மேலே விட்டேன், நடுவில் விட்டேன், அடியில் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. காது கொடுத்துக்கூடக் கேட்டேன். பிறகு மண்ணைத் தண்ணீரில் கலக்கிச் சாயத் துளி விட்டால், பச்சை வர வேண்டிய இடத்தில் ஆரஞ்சு மஞ்சள் வந்தது. அமிலம் ஏறிப் புளித்த மண். எந்தக் காலத்திலிருந்தோ பெய்த மழையெல்லாம் சேர்ந்து அதிலிருந்த சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. இப்படிப்பட்ட மண்ணில் போடுகிற உரத்தை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்குக் கொடுக்காது. போதாக்குறைக்குக் களிமண் வேறு. நனைந்தால் காலைப் பிடித்துக்கொண்டு செருப்பை வாங்கிக்கொள்ளும், காய்ந்தால் கடப்பாரை 'ணங்' என்று பாடும். இதற்குள் எந்த வேர் போகும்?

அழகர்சாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "கெட்டி மண்ணை உடைக்கணும், சுண்ணாம்பு போடணும். இப்படியே விட்டா எந்த விதையும் தேறாது. நாலு ஏக்கரையும் உடைக்கிறது ஒரு ஆளால ஆகுற காரியமில்லை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவினார். வாயில் போடாமல் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்குத் தெனம் நாலு தரம் சுண்ணாம்பு வேண்டியிருக்கு சார், இது பாவம் எத்தனை காலமா வெறும் வாயா இருக்கோ."

தோலுக்கும் பயிருக்கும்

அந்த வார்த்தை மனசை என்னவோ செய்துவிட்டது. ரெண்டு மூட்டை சுண்ணாம்பாவது போட்டுப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஆபீஸில் கேட்டால் விதி பேசுவார்கள். திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் பஞ்சமா? எனக்குப் பழக்கமான ராவுத்தர் ஒருவர் ஷாப் வைத்திருந்தார். அங்கே தோலை முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப் போடுவார்கள், மயிரெல்லாம் கழன்று வரும். ஊறித் தீர்ந்த சுண்ணாம்பு கொல்லையில் குவிந்து கிடந்தது. வாசனையைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

விஷயத்தைச் சொல்லி ரெண்டு மூட்டை கேட்டேன். ராவுத்தர் எனக்கு டீ வரவழைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே யோசித்தார். பிறகு வண்டி நிறையக்கூட அள்ளிக்கொள்ளச் சொன்னார். மூட்டைகளை ஜீப்பில் ஏற்றும்வரை வாசலில் நின்றவர், கடைசியில் என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, நான் மயிரு உதிர்றதுக்குப் போடுறேன், நீங்க பயிரு முளைக்கிறதுக்குப் போடுறேங்கிறீங்க. நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்குப் படிப்பு பத்தாது."

குழிக்கு ஒரு ஆள்

மூட்டைகளோடு மேட்டுக்குத் திரும்பிய அன்று சாயங்காலம், வெட்டிய குழியை மாயாண்டி மூட ஆரம்பித்தார். பாதி தூர்ந்திருக்கும். பேச்சியம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆளுயர ஆழம். எங்களுக்கு அது வேலைக்கான அளவு. அவளுக்கு அது பிரேதக் குழி. அந்தப் பக்கத்தில் அப்படி வெட்டிய குழியை வெறுமனே மூட மாட்டார்கள். மூடினால் குழி ஓர் ஆளைக் கேட்குமாம். ஆளுக்குப் பதிலாக ஒரு வாழையை வைத்துப் புதைத்துப் பால் தெளித்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும். "இது கவர்மெண்டுக் குழிம்மா" என்றேன். "எமனுக்குக் கவர்மெண்டு எது, தனியாரு எதுன்னு தெரியவா போகுது? வீட்டுல இருக்கிறது நாங்க ரெண்டே பேரு சார்" என்றாள். மண்வெட்டியைக் கீழே வைக்கும்படி மாயாண்டியிடம் சொன்னேன்.

அழகர்சாமி கீழே அண்ணன் தோட்டத்துக்கு வாழைத்தண்டு கேட்கப் போனார். காய்க்கிற மரத்தை வெட்டித் தர அண்ணனுக்கு மனசு வரவில்லை. கிழங்கோடு பிடுங்கிய கன்று ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதைக் குழிக்குள் படுக்கவைக்க அழகர்சாமிக்கு மனசு வரவில்லை. "உசுரோட இருக்கு புள்ள, நிக்க வச்சே பொதைப்போம்" என்றார். தலை வெளியே தெரியக் கூடாது என்று பேச்சியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உடைந்த களிமண், மேல்மண், அவள் கூடையில் கொண்டுவந்து கொட்டிய சாணம், அடுப்புச் சாம்பல், நாலு ஏக்கருக்கு எந்த மூலைக்கும் காணாத என் ரெண்டு மூட்டைச் சுண்ணாம்பு, எல்லாம் உள்ளே போயின. கன்றின் உச்சி மறைய மண்ணைத் தள்ளினார்கள். பால் தெளித்தாள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி, மேடு முழுவதும் செம்பு நிறமாக இருந்தது. நான் தொப்பியைக் கழற்றி நின்றேன். எதற்காக என்று எனக்கே தெரியவில்லை, துக்கமாக இருந்தது. தையில் இந்த வீடு பூட்டிக் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜீப்பில் ஏறியபின் மாயாண்டி வாயைத் திறந்தார்.

"எம்புட்டோ குழி மூடியிருக்கேன் சார். இன்னிக்குத்தான் வீட்டுக்குப் போனதும் குளிக்கணும்னு தோணுது."

மேடெல்லாம் குழி

அந்த ஐப்பசியில் நல்ல மழை. தை பிறந்து சில நாள் கழித்து வேறு ஊருக்குப் போகிற வழியில் ஜீப்பை மேட்டுப் பக்கம் திருப்பச் சொன்னேன். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன லாபம் என்று கேட்காதீர்கள், மனசு சொன்னதைக் கேட்டேன். பனி இன்னும் விலகவில்லை. மேடு பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். மேடு முழுக்கக் குழி. அதே நீளம், அதே அகலம், வரிசை வரிசையாக. ஊரில் காலரா வந்து எல்லோரும் போய்விட்டார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்போது ஒரு குழிக்குள்ளிருந்து அழகர்சாமியின் முண்டாசு எழும்பி வந்தது. "வாங்க சார்" என்று சிரித்தார்.

கையைப் பிடித்து முதல் குழிக்குக் கூட்டிப்போனார். புதைத்த இடத்தில் என் இடுப்புயரத்துக்கு வாழை நின்றது. அகலமான இலை, பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. மேட்டில் மூன்று வருஷமாக யாரும் பார்க்காத நிறம். நின்று பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் பிடிபட்டது. கெட்டி மண் அந்த ஓரிடத்தில் மட்டும் உடைந்திருந்தது. புளிப்பைச் சுண்ணாம்பு எடுத்துவிட்டது. மேட்டில் விழுந்து வழிந்த மழைத் தண்ணீர், மூடிய மண் அமுங்கிப் பள்ளமான அந்தக் குழிக்குள் ஓடி வந்திருக்கிறது. இத்தனை நாள் பயிரைக் கெடுத்த அதே களிமண், குழிக்கு அடியில் குடம் மாதிரி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நாலு ஏக்கரையும் உடைக்க வேண்டியதில்லை, வேர் நிற்கிற இடத்தை உடைத்தால் போதும். அடுத்த குழிகளுக்கு எலுமிச்சங்கன்றுகள் வேலியோரம் நனைத்த சாக்குக்குள் காத்திருந்தன.

பேச்சியம்மாள் தலையில் சுண்ணாம்புக் கூடையோடு வந்தாள். நான் சொல்லியிருந்த ராவுத்தரிடமிருந்து வண்டி வைத்து ஏற்றி வந்திருக்கிறார்கள். முகம், புருவம் எல்லாம் வெள்ளை. அண்ணன் வந்தாரா, மில் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். கூடையை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கண்ணில் சுண்ணாம்பு பட்டிருக்க வேண்டும், கலங்கியிருந்தது.

"எங்கண்ணனை வேற ஆள் பாத்துக்கிறச் சொல்லிட்டேன் சார். பொதைச்சதே எந்திரிச்சு வந்து நிக்கிது, உசுரோட இருக்கிற நாங்க எதுக்கு ஊரை விட்டுப் போகணும்?"

உத்தியோக காலம் முழுக்க ஊர் ஊராகக் குழி வெட்டி மண்ணுக்கு என்ன வியாதி என்று எழுதிக்கொடுத்தேன்; அதில் பிழைத்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நான் அடக்கம் செய்துவிட்டு வந்த இடத்தில்.