நாளுக்கு ஐந்து சொல்

திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகும் சாலையில் செருப்புக் கடை வைத்திருக்கும் அப்துல் சுக்கூரிடம் செருப்பு வாங்கப் போனால், கூடவே ஒரு ஆங்கிலச் சொல்லையும் வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அறுந்த வாரைக் காட்டினால், "இது இன்எவிட்டபிள்" என்பார். "அப்புடின்னா தச்சுத் தருவீகளா, மாட்டீகளா?" என்று அய்யலூர்ச் சந்தைக்குப் போகிற ஆட்டு வியாபாரி விழிப்பார். அந்த விழிப்பைப் பார்ப்பதில் பாய்க்கு ஒரு தனிச் சுகம்.

ஒன்பது வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து வந்த மொத்த வியாபாரி ஒருவர் ஆங்கிலத்தில் பொளந்து கட்டினார். சுக்கூர் புரிந்த மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிய தலைக்குப் பலன், குதிகால் உயர்ந்த பெண்கள் செருப்பு இரண்டு மூட்டை. வெங்காயம் நடுகிற காட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு யார் இறங்குவது? அந்த அவமானத்தோடு ஆங்கில வகுப்புக்குப் போனார். அங்கிருந்த வாத்தியார் ஒரே ஒரு வழி சொன்னார்: தினமும் ஆங்கிலப் பேப்பர் வாங்கி, கடினமான ஐந்து சொற்களை எடுத்து, தமிழில் பொருளெழுதி மனப்பாடம் செய்ய வேண்டும். செய்தியையும் படிக்க வேண்டும் என்று அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை.

பாய் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பேப்பரில் சொல் பொறுக்கினார். கல்லைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு அரிசியைக் கீழே கொட்டிவிட்டார். உலகத்தில் எங்கே சண்டை, எங்கே வெள்ளம் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. நீளநோட்டு மட்டும் பதினான்கு சேர்ந்துவிட்டது. வீட்டில் மனைவி காதர் பீவி மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தால், "எக்ஸ்க்விசிட்" என்பார்.

"உப்பு இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க" என்பார் காதர் பீவி.

பக்கத்து டீக்கடைப் பொன்னழகுக்கோ தமிழ்ப் பேப்பர்தான். அதையும் பஜ்ஜி மடிப்பதற்கு முன் ஒரு வரி விடாமல் படித்துவிடுவார். போன தை மாதம் ஒரு நாள் காலையில், டீ கிளாசோடு கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாய், நம்ம ரோடு விசயம் பேப்பர்ல வந்திருக்கே, பாத்தீங்களா?"

பாய் பார்க்கவில்லை. ஆனால் ஒன்பது வருடமாக ஆங்கிலப் பேப்பர் படிக்கிற மனிதர், டீக்கடைக்காரரிடம் 'பார்க்கவில்லை' என்று எப்படிச் சொல்வது?

"எல்லாம் பாத்தாச்சு, பொன்னழகு. இங்கிலீஷ்ல இன்னும் விலாவாரியா போட்டிருக்கான்."

"அப்பச் சரி. நீங்க படிச்சவுக, ஒங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்" என்று பொன்னழகு போய்விட்டார். பாய் நோட்டைத் திறந்தார். அன்றைக்குக் கிடைத்த முதல் சொல் 'ஃபோர்த்வித்'. நாக்குக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க, "பொன்னழகு, ஒரு டீ ஃபோர்த்வித்!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

சித்திரையில் ரோட்டை அகலப்படுத்த சர்வேயர் சிவப்புப் பெயின்ட்டோடு வந்தார். டீக்கடையின் முன்கூரையில் மட்டும் ஒரு கோடு விழுந்தது. செருப்புக் கடையில் கோடு கல்லாப்பெட்டிக்கும் பின்னால் போய் விழுந்தது. மிஞ்சியது ஒரு ஆள் படுக்கிற இடம். முப்பது வருடக் கடை.

"பொன்னழகு, ஒனக்கு மட்டும் எப்புடிப்பா?"

"பழைய பட்டால அளவு தப்பா இருக்குன்னு மனுப் போட்டேன் பாய். திரும்ப அளந்தாங்க. ஒங்க பட்டாலயும் அதே தப்புத்தானே? நீங்க இங்கிலீஷ்லயே எழுதிப் போட்டிருப்பீகன்னு நெனச்சேன்."

பாய் நிலமெடுப்பு அலுவலகத்துக்கு ஓடினார். ஆட்சேபணைக்கு இருபத்தொரு நாள் கொடுத்திருந்ததாக குமாஸ்தா சொன்னார். நிலம் இன்னும் பாயின் தகப்பனார் பேரிலேயே இருந்ததால், தபால் அத்தா பேருக்குப் போயிருந்தது. அத்தா இறந்து பதினொரு வருடம். தபால் திரும்பி வந்துவிட்டது.

"பேப்பர்லயும் போட்டோமே பாய்."

"எந்தப் பேப்பர்ல போட்டீங்க? நான் தினமும் பேப்பர் படிக்கிறவன்!" என்று பாய் எகிறினார்.

குமாஸ்தா கோப்பிலிருந்து எடுத்து நீட்டினார். பாய் வாங்குகிற அதே பேப்பர். ஏழாம் பக்கம், கட்டம் போட்ட அறிவிப்பு, அவர் கடையின் சர்வே எண். நிலத்தில் பாத்தியம் உள்ளவர்கள் ஃபோர்த்வித் மனுக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். விசயத்தைக் கேட்ட காதர் பீவி பதினான்காவது நோட்டை எடுத்துப் புரட்டி, அந்தத் தேதியைக் கண்டுபிடித்தார். ஆங்கிலம் தெரியாது, எதிரில் முத்து முத்தாக எழுதியிருந்த தமிழைப் படித்தார்.

"ஒடனே. தாமதமில்லாமல். இப்புடி எழுதிருக்கீங்களே, எழுதிட்டு என்ன பண்ணுனீங்க?"

"மனப்பாடம் பண்ணுனேன்" என்றார் சுக்கூர்.